சித்திரை மேசையில் பூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பாதி தாண்டிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி பூவைப் பற்றித்தான். நான் பூக்கடைக்காரி இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீடு, அதில் ஆறு பேர் உட்காரும் பழைய தேக்கு மேசை, அவ்வளவுதான். அம்மா வீட்டில் வருஷப் பிறப்பு, மாமியார் வீட்டில் ஈஸ்டர். கல்யாணமான நாளிலிருந்து இரண்டுக்கும் எங்கள் வீட்டு மேசைதான். சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, தெரிந்த பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

"சித்திரைன்னா வெயில்தானே? இதுல வசந்தம் எங்கிருந்து வந்துச்சு?"

சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். பனி உருகி மொட்டு விடும் வசந்தம் நம் ஊரில் கிடையாது, வெயிலோடு வரும் வசந்தம்தான். பங்குனி கடைசியில் தெருவில் நடந்து பாருங்கள். புங்கமரத்தடியில் பொரி கொட்டியது போலப் பூ கிடக்கும், வேப்பமரம் பக்கம் போனாலே தேன் வாசனை வரும், கொன்றை மஞ்சளாகத் தொங்க ஆரம்பித்திருக்கும். மல்லிகை மலிவதும் இந்த மாதங்களில்தான்.

கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர் என்ற பேரே பாதிரி மரத்தால் வந்தது. பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம் அது. பாதிரி வேனிலில் பூப்பது. அந்தப் பூவைப் போட்டு வைத்த புதுப் பானையின் ஓடு, பிறகு ஊற்றும் தண்ணீருக்கும் மணம் கொடுக்கும் என்று நாலடியாரில் ஒரு உவமை வருகிறது. பூவும் தண்ணீரும் சேர்ந்த அலங்காரம் நமக்குப் புதிதில்லை.

"மார்க்கெட்ல போய் நின்னா தலை சுத்துது. என்ன பூதான் வாங்கட்டும்?"

நேரு வீதிப் பெரிய மார்க்கெட்டுக்குள் பூக்கடைப் பக்கம் போனால் யாருக்கும் தலை சுற்றும். போகும் முன்பே ஒரு நிறத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நிறம், அதோடு வெள்ளை, அதோடு பச்சை. இது போதும். ஐந்து நிறத்தையும் அள்ளிக்கொண்டு வந்தால் மேசை கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஆகிவிடும்.

என் முதல் தேர்வு கனகாம்பரம். சொன்னால் சிரிக்கிறார்கள், தலையில் வைக்கிற பூவாச்சே என்று. அதற்கு வாசனை இல்லை, எடை இல்லை, வெயிலைத் தாங்கும், அந்த ஆரஞ்சு நிறம் வாழை இலைப் பச்சைக்குப் பக்கத்தில் அப்படியே எடுத்துக் காட்டும். சாப்பாட்டு மேசைக்கு இதைவிட என்ன வேண்டும்? கட்டிய சரமாக வேண்டாம், உதிரியாகக் கேளுங்கள். அதற்கு அடுத்தது கோழிக்கொண்டை. நாள் கணக்கில் நிற்கும். சாமந்தி பனிக்காலத்தில்தான் கொழிக்கும், சித்திரையில் விலைக்கு ஏற்ற பூ கிடைக்காது. ஓசூர் ரோஜா கட்டு வாங்கினால் பொதுவாக இருபது தண்டு இருக்கும். ஆறு பேர் மேசைக்கு அரைக் கட்டே அதிகம்.

பச்சைக்குத் துளசி, மரிக்கொழுந்து, தவனம் என்று போகாதீர்கள். அவை மணக்கும், சாம்பாரோடு சண்டை போடும். வீட்டு குரோட்டன்ஸ் இலை இரண்டைக் கிள்ளினால் போதும். ஆனால் அதன் பால் சிலருக்குத் தோலில் அரிக்கும். கழுவித் துடைத்து, தட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

"முந்தின நாளே வாங்கணுமா, அன்னிக்குக் காலையில வாங்கணுமா?"

பூவுக்குப் பூ மாறும். ரோஜாவும் ஜெர்பராவும் இரண்டு நாள் முன்பு. மொட்டாக வாங்கினால் பண்டிகையன்று விரிந்திருக்கும். சம்பங்கித் தண்டு முந்தின நாள். உதிரிப்பூ எல்லாம் அன்று காலை அல்லது முந்தின நாள் சாயங்காலம். ஈரத்துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பிரீசரில் வைத்தால் கண்ணாடியாகி, வெளியே எடுத்ததும் கருத்துப் போகும்.

இன்னொன்று, பண்டிகைக்கு முந்தின நாள் பூ விலை ஏறாத ஊர் கிடையாது. உதிரிப்பூவைத் தவிர மற்றதை இரண்டு நாள் முன்பு முடித்துவிட்டால் பர்ஸும் பிழைக்கும். முழம் போட்டு வாங்குவதாக இருந்தால் யார் கையால் அளக்கிறார்கள் என்று பாருங்கள். நீளக் கைக்காரர் கடையில்தான் எப்போதும் கூட்டம்.

"மல்லிப்பூ இவ்ளோ மலிவா கெடைக்கும்போது மேசை பூரா அதையே போட்டா என்ன?"

வேண்டாம். மல்லிகை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அது சாயங்காலம் விரிந்து மணப்பது, மதியச் சாப்பாட்டு மேசையில் மொட்டாகவே கிடக்கும். இரவு விருந்து என்றால் நேர் எதிர். எட்டு மணிக்கு வாசனை அறையை நிறைத்துவிடும், ரசத்தின் மணமும் தெரியாது, பிரியாணியின் மணமும் தெரியாது. சம்பங்கிக்கும் இதே பேச்சுதான். வாசல் பக்கம், கை கழுவும் இடம், திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை வந்திருக்கும் பெண்களுக்குத் தலையில் வைக்கக் கொடுங்கள்.

"இலை போட்டாலே மேசை நிறைஞ்சு போகுது. பூவை எங்க வைக்கிறது?"

இதற்குத்தான் நான் அளவு நாடா எடுத்தேன். எங்கள் மேசை மூன்றடி அகலம். தலைவாழை இலை குறுக்கே ஓரடிக்குக் கொஞ்சம் மேல். எதிரும் புதிருமாக இலை போட்டால் நடுவில் மிஞ்சுவது முக்கால் அடி. அதிலும் தண்ணீர் டம்ளரும் உப்புக் கிண்ணமும் வந்து உட்காரும். ஆக, பூவுக்கு உண்மையில் உள்ள இடம் ஒரு சாணுக்கும் குறைவான அகலப் பட்டை. அதற்குள் அடங்குகிற மாதிரி நீளமாக, தட்டையாக யோசியுங்கள். வட்ட ஜாடி இந்த மேசைக்குச் சரிவராது.

உயரத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மேசையில் ஊன்றிக் கையை நிமிர்த்துங்கள். பூ மணிக்கட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரில் இருப்பவர் முகம் மறையும். அத்தையும் நாத்தனாரும் பூவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை நீட்டி நீட்டிப் பேசுவார்கள். (சில வருஷங்களில் அதுவும் நல்லதுதான்.)

பரிமாறுகிறவருக்கும் வழி வேண்டும். சாம்பார் வாளி போய்வரும் பாதையில் ஒரு பூகூட இருக்கக் கூடாது. இடம் போதவே போதாது என்றால் மேசையை விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உருளி வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

"டெக்கரேஷன்காரங்க பச்சை ஸ்பாஞ்ச்ல குத்துறாங்களே, அது இல்லாம முடியுமா?"

முடியும். அந்த ஸ்பாஞ்ச் ஒரு வகை பிளாஸ்டிக்தான், மண்ணில் போட்டால் மக்காது, கையில் தேய்த்தால் தூளாக உதிரும். அந்தத் தூள் சோற்றுக்குப் பக்கத்தில் எதற்கு? நமக்கு வாழைத்தண்டு இருக்கிறது. ஒன்றரை அடித் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு நீளத் தட்டில் கவிழ்த்து வையுங்கள். உருளாது. தண்டுள்ள பூவை நேராகக் குத்தலாம், தலைப்பூ மட்டும் என்றால் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக் குத்தலாம். தண்டிலேயே ஈரம் இருப்பதால் அரை நாள் தாங்கும்.

இப்போது என் கதை. முதல் வருஷம் தண்டை வெட்டின கையோடு மாமியாரின் வெள்ளை லேஸ் விரிப்பின் மேல் தட்டில்லாமல் வைத்தேன். வாழைச்சாறு சொட்டும்போது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருந்தது. சாப்பாடு முடிந்து எடுத்துப் பார்த்தால் பழுப்பாக ஒரு நீள்வட்டம். எலுமிச்சை, சோடா உப்பு, வெயில், எதற்கும் போகவில்லை. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தக் கறையை மறைக்கவே இன்றுவரை தட்டை அதே இடத்தில் வைக்கிறேன். நீங்கள் முந்தின இரவே வெட்டி, செங்குத்தாக நிறுத்திச் சாறு வடியவிட்டு, கழுவித் துடைத்து, கட்டாயம் தட்டில் வையுங்கள்.

"தண்ணில ஒரு ரூபா காசு போட்டா பூ வாடாதாமே?"

செம்புக் காசுக் காலத்துப் பேச்சு அது. செம்புக்குக் கிருமியைக் கொஞ்சம் அடக்கும் குணம் உண்டு. இப்போதைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, தண்ணீரில் கிடந்து பளபளக்கும், அவ்வளவுதான்.

பூ வாடுவது பெரும்பாலும் தண்டு அடைத்துக்கொள்வதால். தண்ணீரில் கிருமி பெருகி அடைக்கும், இல்லை வெட்டின இடத்தில் காற்றுக் குமிழி ஏறி அடைக்கும். அதனால் தண்டைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே, கூர்மையான கத்தியால் சாய்வாக ஓர் அங்குலம் வெட்டுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இந்த மூன்றைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. இன்னும் வேண்டும் என்றால் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி வாசனையில்லாத பிளீச். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, மற்ற இரண்டும் கிருமிக்கு. பிளீச் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டால் கிருமிக்கு விருந்து வைத்த மாதிரி.

ஜெர்பரா மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டு ஆழத் தண்ணீரில் அழுகும். இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் போதும்.

"எல்லா பூவும் நல்லாதான் இருந்துச்சு, பழத்தட்டுக்குப் பக்கத்துல வெச்ச ரோஜா மட்டும் தொங்கிடுச்சு. கண்ணு பட்டுடுச்சோ?"

கண் இல்லை, மாம்பழம். பழுக்கிற மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் என்ற வாயுவை விடும். வைக்கோலில் மாங்காயை மூடி வைத்தால் பழுப்பதும் இதே வாயு உள்ளேயே தங்குவதால்தான். பழத்தைப் பழுக்க வைப்பது பூவைச் சீக்கிரம் கிழடாக்கும். கார்னேஷன் இதற்கு உடனே மடங்கும், ரோஜாவில் பல ரகங்கள் இதழ் உதிர்க்கும்.

வருஷப் பிறப்புக்குக் காலையில் முதலில் பார்க்க என்று சில வீடுகளில் கண்ணாடி, முக்கனி, வெற்றிலைபாக்கு, நகை, பூ எல்லாம் ஒரே தட்டில் முந்தின இரவே அடுக்கி, கதவைச் சாத்திவிடுவோம். மூடின அறை, பழுத்த பழம், பூ! பூவை மட்டும் விடியற்காலை எழுந்து கடைசியாக வையுங்கள். அல்லது உதிரிக் கனகாம்பரத்தை வையுங்கள், வாடினாலும் ஒரு கை அள்ளி மாற்றிவிடலாம். பிரிட்ஜில் பூ டப்பாவோடு பழம் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மேலே மின்விசிறி சுற்றினாலும் இதே மாதிரி தொங்கும். ஆட்கள் உட்காரும் வரை விசிறியை நிறுத்தி வையுங்கள். எங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வந்துவிடும், அதுவரைதான் பாடு.

"பச்சடிக்கு வேப்பம்பூ எப்படியும் பறிக்கிறோம். ஒரு கொத்தை மேசையில வைக்கலாமா? உதிராதா?"

உதிரும். தாராளமாக உதிரும். ஆனால் அன்றைக்கு மாங்காய்ப் பச்சடியில் போடுவதே அந்தப் பூதானே, இலையில் நாலு விழுந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கொத்தை மரத்திலிருந்து ஒடித்தால் பூவில் எறும்பும் சின்னப் பூச்சியும் இருக்கும். வெளியே கொண்டுபோய்த் தலைகீழாகப் பிடித்துத் தட்டிவிட்டு வாருங்கள். மாவிலைக் கொத்துக்கும் இதே சோதனை. முசுறு எறும்பு ஒன்று பாட்டி கைமேல் ஏறினால் பண்டிகை முடிந்தது.

"மாஹேல இருக்குற எங்க அண்ணி கணிக்கு கொன்னைப்பூதான்னு சொல்றாங்க. நானும் கொன்றை வெச்சேன், ஒரு மணி நேரத்துல மேசை பூரா இதழ்."

மாஹே நம் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றாலும் அது கேரளக் கரையில் இருக்கும் ஊர், அங்கே விஷு அன்று காலையில் முதலில் பார்க்கும் தட்டான விஷுக்கணிக்குக் கொன்றை இல்லாமல் முடியாது. சரக்கொன்றையைக் கொத்தாக ஒடித்தால் இதழ் நிற்காது. பாதிக்கு மேல் மொட்டாக இருக்கிற கொத்தை, வெயிலுக்கு முன்பு பறித்து, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். மேசைக்கு அப்போதும் நான் வைக்க மாட்டேன். கணித் தட்டுக்கு மட்டும். உதிர்வதும் அங்கே அழகுதான், சாம்பாரில் விழாது.

"அரளி நெறைய பூத்துக் கெடக்கு. ஜாடியிலதானே வைக்கிறேன், யாரு சாப்பிடப் போறா?"

நீங்கள் சாப்பிட மாட்டீர்கள், இதழ் சாப்பாட்டில் விழும், குழந்தை எடுத்து வாயில் வைக்கும், யாராவது ஜாடித் தண்ணீரைக் கொட்டுவார்கள். அரளி, மஞ்சள் அரளி இரண்டிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு வேர் முதல் பூ வரை இருக்கிறது. ஊமத்தை, எருக்கு, செங்காந்தள், அலமாண்டா எதுவும் சாப்பாட்டு மேசைக்கு வரக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

"அப்ப பாயசத்து மேல ரோஜா இதழ் தூவலாமா?"

வீட்டுத் தொட்டியில் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னீர் ரோஜா என்றால் தூவலாம். கடையில் வாங்கிய கட்டு ரோஜா என்றால் கூடாது. அது சாப்பிடுவதற்காக வளர்த்தது இல்லை, பூச்சிமருந்து பட்டிருக்கும். கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். அதே கட்டை வைத்து அப்புறம் குல்கந்து போடலாமா என்றும் கேட்பார்கள். அதற்கும் இதே பதில். நீலம் வேண்டும் என்றால் வேலியில் இருக்கும் சங்குப்பூ கேக்கின் மேல் நன்றாக இருக்கும்.

"ஈஸ்டருக்கு லில்லிதான் வைக்கணுமாமே?"

அது குளிர்நாட்டு வழக்கம். இங்கே வெள்ளையாக, நீளத் தண்டோடு ஏதாவது வேண்டும் என்று சம்பங்கி வைக்கும் வீடுகள் நிறைய. தவக்காலத்தில் பீடத்தைப் பூவால் அலங்கரிப்பதில்லை. நாற்பது நாள் வெறுமையாக இருந்த எங்கள் ஊர்த் தேவாலயமான சம்பா கோயிலின் பீடம் உயிர்ப்பு இரவில் பூவோடு நிற்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதைத்தான் மேசைக்குக் கொண்டுவருகிறோம். அதற்கு எந்த வெள்ளைப் பூவும் சரி. சம்பங்கி மணம் பற்றி மல்லிகைக் கேள்வியில் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்: ஒரே ஒரு தண்டு, மேசையின் ஓரத்தில். அடிப்பூ வாட வாடக் கிள்ளினால் மேலே உள்ள மொட்டுகள் விரியும்.

லில்லியே வாங்கிவிட்டீர்கள் என்றால் நடுவில் உள்ள மகரந்தப் பைகளை மொட்டு விரிந்ததும் கிள்ளிவிடுங்கள். மகரந்தம் துணியில் பட்டால் தண்ணீர் தொடக் கூடாது, செல்லோடேப்பை ஒட்டி எடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் லில்லி வேண்டவே வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூட அதன் சிறுநீரகம் போய்விடும். சம்பங்கி அந்த வகையைச் சேர்ந்ததில்லை.

"நாகலிங்கப்பூ நம்ம மாநிலப் பூதானே, அதை நடுவுல வெச்சா கெத்தா இருக்குமே?"

புதுச்சேரியின் பூ அதுதான். கெத்தாகவும் இருக்கும். ஆனால் பறித்த அன்றே தடித்த இதழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும், மணமும் கனமானது. லிங்கத்துக்கு நாகம் குடை பிடித்த மாதிரி இருப்பதால் சாப்பாட்டுக்கு நடுவே வைப்பது சில பெரியவர்களுக்குப் பிடிக்காது. வாசலில் ஒரு பித்தளைத் தட்டில் ஒற்றைப் பூ, போதும்.

"ஆசிரமத்துல சமாதி மேல அடுக்குற மாதிரி மேசையில செய்ய முடியுமா?"

செய்யலாம், இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. அரவிந்தர் ஆசிரமத்தில் சமாதியின் மேல் பூவைத் தண்டில்லாமல், நிறம் நிறமாகப் பிரித்து, நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். உயரமே கிடையாது. இலைகளுக்கு நடுவே மிஞ்சும் நம் ஒடுங்கிய பட்டைக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. நீளத் தட்டில் ஈரத்துணி விரித்து, ஓரத்தில் வெள்ளை, அடுத்து கனகாம்பரம், நடுவில் ஒரு வரி கோழிக்கொண்டை. தொட்டுப் பார்த்தால் இடைவெளியே இருக்கக் கூடாது. இடைவெளி தெரிந்தால் பூ குறைவு என்று அர்த்தம் இல்லை, தட்டு பெரிது.

அங்கே சமாதிக்கு நிழல் தரும் மரம் மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகை. அதற்கு ஆசிரமத்து அன்னை வைத்த பேர் 'சேவை'. இப்படி நூற்றுக்கணக்கான பூக்களுக்குப் பேர் வைத்திருக்கிறார், துளசிக்குப் 'பக்தி'. என் மகள் ஒரு வருஷம் சின்னச் சீட்டுகளில் அந்தப் பேர்களை எழுதி ஒவ்வொருவர் இலைக்கும் பக்கத்தில் ஒரு பூவோடு வைத்தாள். சாப்பாட்டைவிட அதைத்தான் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

"சாமி படத்துல இருந்து எடுத்த மாலையை மேசைக்குப் போடலாமா? நல்லாதானே இருக்கு."

எங்கள் அம்மா சம்மதிக்க மாட்டார். சாமிக்குப் போட்டதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், தலையில் வைக்கலாம், எச்சில் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. நான் வாதாடுவதில்லை. சாமிக்கும் மேசைக்கும் பூவை முதலிலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுவேன். மேசைப் பூவை எத்தனை தடவை வேண்டுமானாலும் முகர்ந்து பார்க்கலாம், அது ஒரு வசதி.

"ஈஸ்டரும் வருஷப் பிறப்பும் பக்கத்துல பக்கத்துல வந்தா ஒரே பூவை ரெண்டுக்கும் ஓட்டலாமா?"

சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14-இல் நிற்கிறது, ஈஸ்டர்தான் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். 2017-இல் இரண்டு நாள் இடைவெளி, 2022-இல் மூன்று, 2025-இல் ஆறு. 2026-இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, ஒன்பது நாள் முன்னால். மூன்று நாள் வரை ஓட்டலாம். கோழிக்கொண்டை அப்படியே நிற்கும், ரோஜா தண்டை மறுபடி வெட்டித் தண்ணீர் மாற்றினால் நிற்கும், சம்பங்கியில் மேல் மொட்டுகள் அப்போதுதான் விரிந்திருக்கும். உதிரிப்பூ மட்டும் புதிதாக வாங்குங்கள். ஆறு நாள் என்றால் கோழிக்கொண்டையைத் தவிர எல்லாம் புதிது. ஒன்பது நாளுக்கு அந்தக் கோழிக்கொண்டையையும் தலைகீழாகக் கட்டி மாடிப்படிக்கு அடியில் தொங்க விட்டுவிடுவேன். காய்ந்தபின் நிறம் கொஞ்சம் மங்கும், விதை கொட்டும். கீழே ஒரு பேப்பர் விரித்து வைத்தால் அடுத்த மழைக்குத் தொட்டியில் தூவ விதை ஆயிற்று.